கிளிக்குள் இருந்த பல்லி

1

எங்கள் ஏழாவது கல்யாண நாளுக்கு என் கணவர் சுந்தர் வாங்கி வந்தது ஒரு பிளாஸ்டிக் பென்குவின். உள்ளங்கை உயரம்தான் இருக்கும். "எனக்கா?" என்று கேட்டேன். "நமக்கு" என்றார். கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு பொருளைக் காட்டி 'நமக்கு' என்றால் அது அவருக்கு என்று அர்த்தம். டொராண்டோவுக்கு வந்தும் இந்த வழக்கம் மாறவில்லை.

பென்குவினின் முதுகிலிருந்து ஒரு வயர் வரும். அதைக் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி என்கிற புது மாதிரித் துளையில் செருக வேண்டும். மின்னஞ்சல் வந்தால் பென்குவின் சிறகடிக்கும். கூடவே வந்த புரோகிராமுக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். இவருக்கு அது போதவில்லை. யாரோ எழுதிய புரோகிராமுக்கு ஆடுகிற பொம்மை தான் எழுதுகிற புரோகிராமுக்கும் ஆட வேண்டும். ஆபீஸ் விட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, எந்த எண்ணை அனுப்பினால் எந்தச் சிறகு அசைகிறது என்று ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது சிறகு வசப்பட்டது. இடது சிறகு முரண்டு பிடித்தது. நான் பேசியது எதுவும் அந்த வாரம் அவர் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தேன். "இந்த வருஷமாவது ஊருக்குப் போயிரணும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே சத்தம் வந்தது. டிக், டிக், டிக். என் வலது கை விரல் தானாக மடங்கி மேடையில் மூன்று முறை தட்டியது. "கிருஷ்ணா கிருஷ்ணா" என்று வாயும் சொல்லிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சத்தமிட்டால் பேசினது பலிக்கும் என்று நம் ஊர்ப் பக்கம் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. விரலுக்கே தெரியும்.

தட்டி முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. இந்தக் குளிர் ஊரில் பல்லி ஏது? வந்ததிலிருந்து ஒரு கரப்பானைக்கூட நான் பார்த்ததில்லை. ஹாலுக்கு ஓடினேன். பென்குவினின் இரண்டு சிறகுகளும் அடித்துக்கொண்டிருந்தன. இவர் கோயில் கொடைத் திருவிழா பார்க்கிற பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சத்தம் எங்கேருந்து வருது?"

"உள்ள ரிலே மாதிரி ஒண்ணு இருக்கும்போல. நம்ம கிளிக்குள்ள வச்சிருந்தேன்ல, அதே சத்தம்."

கிளி என்று சொன்னதும் அவர் முகத்தில் சிரிப்பு குறைந்தது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் கடுகு கருகிப்போனது.

2

அந்தக் கிளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். தறிக்காரர்களிடம் துணி எடுத்து, வெட்டிச் சுருட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். நான் அப்போது கல்லூரிக் கடைசி வருஷம். சனிக்கிழமைகளில் அப்பாவோடு பஸ் ஏறிக் கடைக்குப் போவேன். அதே ஊரில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் வகுப்பும் போய்க்கொண்டிருந்தேன். அந்த சென்டரை நடத்தியவர்தான் சுந்தர். மம்சாபுரத்துக்காரர். அப்போது என்னிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பக்கத்துக் கடை வாங்கிவிட்டது என்பதற்காக அப்பாவும் பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கடைக்குள் பிளைவுட்டில் ஒரு சின்ன அறை கட்டி, திரை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று சட்டம் போட்டு, அதைக் குடிவைத்தார்கள். புரோகிராம் எழுதிக் கொடுக்க சுந்தர் வந்தார்.

எழுதியவர் அதோடு நிற்கவில்லை. ஆடிப்பூரம் தேர்க்கடையில் வாங்கிய ஒரு பச்சைக் கிளி பொம்மையைக் கம்ப்யூட்டர் மேல் உட்காரவைத்தார். பிரிண்டர் வயர் போகிற வழியிலேயே இன்னொரு வயரை இழுத்து, நடுவில் ரிலே என்ற ஒரு சின்னச் சுவிட்சை வைத்து, கிளியின் கழுத்துக்குக் கொடுத்திருந்தார். புரோகிராமில் 888 என்ற வாசலுக்கு, அதாவது பிரிண்டர் வயர் செருகுகிற துளைக்கு, ஒன்று என்று அனுப்பினால் கிளி தலையை ஆட்டும். பூஜ்யம் என்று அனுப்பினால் நிமிரும். பில் அடித்து முடிந்ததும் கிளி மூன்று முறை தலையாட்டும்.

முதல் நாள் கடைப் பையன்களிலிருந்து பக்கத்துக் கடை முதலாளி வரை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "சூடண்டி, சிலுக தல ஊபுத்துந்தி" என்று, பாருங்க, கிளி தலையாட்டுது என்பதையே அவர் தெலுங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் பார்த்தேன். ஆனால் சத்தம் கேட்கவில்லை. அந்தக் காலத்துப் பிரிண்டர் அடித்தால் தெரு முழுக்கக் கேட்கும். அந்த இரைச்சலில் கிளிக்குள் ஒரு சின்னச் சுவிட்சு தட்டியது யார் காதில் விழும்?

3

கம்ப்யூட்டர் வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மதுரையிலிருந்து எனக்கு ஒரு வரன் பேசினார்கள். பையன் நல்ல உத்தியோகம். பெண் பார்த்துப் போயாகிவிட்டது. பையனின் தாய்மாமன் தென்காசிக்குப் போகிற வழியில் கடையிலேயே வந்து பேசி முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அன்று சனிக்கிழமை. கோமதி அத்தையும் வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவும் அத்தை இல்லாமல் நடக்காது. ஆனால் முடிவு மட்டும் அப்பா எடுப்பார். அத்தை உட்கார்ந்திருப்பாள், வெற்றிலை போடுவாள், கேட்பாள்.

நான் பின்னால் சரக்கு அறையில் துணிச் சுருள்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

"பொண்ணு கம்ப்யூட்டர் கிளாஸ் போறாளாமே" என்றார் அந்த மாமன். "அதெல்லாம் நிப்பாட்டிரலாம். எங்க வீட்டுல பொம்பளைப் புள்ளைக வேலைக்குப் போற வழக்கம் இல்ல."

"அதுக்கென்ன, நிப்பாட்டிருவோம்" என்றார் அப்பா. ஒரு மூச்சுகூட இடைவெளி விடவில்லை. ஒரு கட்டுத் துணிக்கு விலை குறைப்பதற்குக்கூட அப்பா அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டேன்.

அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள். வழக்கத்தில் படபடவென்று பேசுகிறவள், அன்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நல்ல குடும்பம். நல்ல பையன். ஆனா எனக்கென்னமோ... இந்த இடம் நம்ம புள்ளைக்குத் தோதுப்படாதுன்னு மனசுல படுது."

டிக், டிக், டிக்.

அத்தை பெஞ்சில் தட்டினாள். அப்பா மேஜையில் தட்டினார். அந்த மதுரை மாமனும் நாற்காலிக் கையில் மூன்று முறை தட்டி, "கிருஷ்ணா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தன் வீட்டுச் சம்பந்தம் முறிவதற்குத் தானே சாட்சி சொன்ன மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காபி குடிக்காமல் எழுந்து போனார்.

கடைச் சுவரில் எப்போதும் பல்லி உண்டு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கும்கூட வரவில்லை. நான் கும்பிட்டது அந்தப் பல்லியைத்தான்.

அதற்கு அடுத்த வருஷம் சுந்தர் தன் சித்தப்பா மூலமாகப் பெண் கேட்டு வந்தார். நான் வேலைக்குப் போகலாம் என்று அவராகவே சொன்னார். அப்பா சரி என்றார்.

4

கல்யாணமாகிச் சில மாதத்தில் இவர் முன்னால் கனடாவுக்கு வந்துவிட்டார். எனக்கு விசா வாங்க நேர்முகத்துக்குப் போனபோது, எங்கள் கல்யாணம் உண்மையான கல்யாணம்தானா என்று அந்த அதிகாரிக்கு அறிய வேண்டியிருந்தது. எப்படி முடிவானது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன். முதலில் வேறு ஒரு மாப்பிள்ளை பேசினார்கள், பல்லி வேண்டாம் என்றது, பிறகு இவர் வந்தார். பல்லிக்கு ஆங்கிலம் அந்த நேரத்தில் நினைவுக்கு வராமல் பல்லி என்றே சொல்லிவிட்டேன்.

"இந்த மிஸ்டர் பல்லி உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு இல்லை."

"இப்போது எங்கே வசிக்கிறார்?"

"கடைச் சுவரில்."

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். எப்படியோ விசா கிடைத்தது. இங்கே வந்து இதைச் சொன்னபோது இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு இவர் அதிகாரியை நினைத்துச் சிரித்தாரா, என்னை நினைத்துச் சிரித்தாரா?

எங்கள் மகள் ரம்யாவுக்கு ஐந்து வயது. இங்கேயே பிறந்தவள். அவள் வாயில் 'ள' வராது. "அம்மா, பல்லிக்கு நேரமாச்சு" என்று பையை மாட்டிக்கொண்டு நிற்பாள். பள்ளி வேறு, பல்லி வேறு என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. பல்லியைப் பார்த்திருந்தால்தானே வித்தியாசம் தெரியும். ஒருமுறை, அது சுவரில் ஊரும், வாலை அறுத்துப் போடும், நாம் பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்லும் என்று விவரித்தேன். அவள் பயந்துபோய் மறுநாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாள். டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாளாம்.

5

கடுகு கருகிய அன்று சாப்பாட்டு மேஜையில் கேட்டேன்.

"அன்னைக்குக் கடையில கத்துனது பல்லியா, உங்க கிளியா?"

"என்னைக்கு?" என்றார். எந்த நாள் என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர் என்றால் 'எந்தக் கடையில' என்றும் சேர்த்துக் கேட்டிருப்பார்.

விடாமல் பிடித்தேன். கடைசியில் சொன்னார். அன்று காலை மின்சாரம் இல்லை. திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் தானாக உயிர்பெறும். வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அது எழுந்த உடனே கிளி மூன்று முறை தலையாட்டும்படி எழுதி வைத்திருந்தார். அதனால் வந்த சத்தம். தான் விசையைத் தொடவே இல்லை.

"எதுக்கு மூணு தடவை?"

"சும்மா. ஒண்ணுன்னா கண்ணுக்குத் தெரியாது."

"அந்த வாரமே கிளியைக் கழட்டிட்டீங்களே, அது எதுக்கு?"

சோற்றைப் பிசைந்தார். "ரிப்பேர்" என்றார்.

ஏழு வருஷம் கூடவே இருந்தவள் நான். இவர் பொய் சொன்னால் சோற்றை அளவுக்கு மீறிப் பிசைவார். ராஜபாளையத்தில் மின்சாரம் மேல் பழி போட்டால் யாரும் மறுக்க முடியாது. அதுதான் எனக்கு இடித்தது. என்னை இவர் விரும்பியிருந்தால் நேராக வந்து கேட்டிருக்கலாம். ஒரு கிளியை ஆட்டி, ஒரு குடும்பத்தின் நம்பிக்கையில் கைவைத்து, ஒரு சம்பந்தத்தைக் கலைத்து, அதன் பிறகு ஒன்றுமே தெரியாதவர் போல வந்து பெண் கேட்டாரா? அப்படியென்றால் நான் கட்டிக்கொண்டது யாரை? மகள் தூங்கும்போது தலையைத் தடவிக்கொடுக்கிற இந்தக் கையா அந்த விசையை அழுத்தியது?

அந்த வாரம் முழுக்க நான் சரியாகப் பேசவில்லை. நான் வேலை பார்க்கிற லைப்ரரியில் ஒரு புத்தகத்தைத் தவறான அலமாரியில் வைத்துவிட்டு, அதையும் இவர் கணக்கில் எழுதினேன். இவரோ பென்குவினோடு பேசிக்கொண்டிருந்தார்.

6

அடுத்த சனிக்கிழமை காலை கோமதி அத்தைக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டில் ஒரே இணைப்புதான். நான் போனில் பேசினால் இவருக்கு இண்டர்நெட் வராது. இவர் இண்டர்நெட்டில் இருந்தால் ஊரே செத்தாலும் எங்களுக்குச் செய்தி வராது. அதனால் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். இவர் லைனை விட்டுக் கொடுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பென்குவின்.

ஊரில் சாயங்காலம். அத்தை குரலுக்குப் பின்னால் வைத்தியநாத சுவாமி கோயில் மணி கேட்டது. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அத்தை, மதுரைக்காரங்க வந்த அன்னைக்குக் கத்துனது பல்லிதானா?"

அத்தை வெற்றிலையைத் துப்புகிற சத்தம் கேட்டது.

"எதுக்கு ஏட்டி இப்பக் கேக்க? மாப்ள வாயத் தொறந்துட்டாரோ?"

"அப்ப அவர்தான் அழுத்துனாரா?"

"அவரு எங்கிட்டு அழுத்த? அவரு டீ குடிக்கப் போயிருந்தாரு. நாந்தான்."

"நீங்களா? கம்ப்யூட்டரா?"

"பொட்டியத் தொட்டனா? கேளு. அதுக்கு முந்துன வாரம் நான் கடையில உக்காந்திருந்தப்ப ரெண்டு மூணு தடவ கரண்டு போயிப் போயி வந்துச்சு. வந்து செத்த நேரத்துல அந்தக் கிளி பல்லி மாதிரி கத்தும். உங்கப்பன் சந்தைக்குப் போயிருந்தான், அவனுக்குத் தெரியாது. அன்னைக்கு அந்த மாமன்காரன் படிப்ப நிப்பாட்டுங்கான், உங்கப்பன் சரிங்கான். கதவுக்குப் பின்னால நீ மூக்க உறிஞ்சுற சத்தம் எனக்குத்தான் கேக்கு. என்னையும் இப்படித்தான் ஒரு பேச்சுல நிப்பாட்டுனாவ. பத்தாவதுல மொத மார்க்கு வாங்கி என்னத்தக் கண்டேன்? என்ன செய்யன்னு வெத்தலைய மென்னுக்கிட்டு இருக்கேன். ஃபேன் ஓட ஆரம்பிச்சுது. கரண்டு வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இன்னும் செத்த நேரத்துல கிளி கத்தும். அதுக்குள்ள பேச்ச அங்க கொண்டாந்து நிறுத்திட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசிய அந்த அத்தை கண் முன்னால் வந்தாள். அவள் நிதானமாகப் பேசவில்லை. ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"நேராச் சொல்லியிருக்கலாம்ல அத்தை."

"நான் சொன்னா உங்கப்பன் என்னைக்குக் கேட்டான்? பல்லி சொன்னா கேப்பான்."

"கிளியைக் கழட்டுனது?"

"நாந்தான் கழட்டச் சொன்னேன். மறுவாரமும் கத்துனா அவன் கண்டுபிடிச்சிருவான்லா. அந்தத் தம்பிகிட்ட வெவரத்தச் சொல்லி, ஆருகிட்டயும் மூச்சு விடப்பிடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனேன். எம்புட்டு வருசமாச்சு, ஒங்கிட்டக்கூடச் சொல்லல பாரு. அதப் பாத்துத்தான் அடுத்த வருசம் அவுக பொண்ணு கேட்டு வந்தப்ப நான் உங்கப்பன் காதுல அவரப் பத்தி நல்லதாப் போட்டு வச்சேன்."

அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக எந்த முதுகை முறைத்துக்கொண்டிருந்தேனோ அந்த முதுகையே பார்த்தேன். ஆனாலும் என் புத்தி அங்கேயும் சும்மா இருக்கவில்லை. மின்சாரம் என்று இவரும் சொல்கிறார், மின்சாரம் என்று அத்தையும் சொல்கிறாள். நான் லைப்ரரிக்குப் போன நேரத்தில் இரண்டு பேரும் போனில் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று ஒரு நினைப்பு ஓடியது. பிறந்த குணம், என்ன செய்வது.

"என்னட்டி சத்தத்தையே காணும்? அழுதியா? அங்கன சந்தோசமா இருக்கியா, இல்லையா? அதச் சொல்லு மொதல்ல."

"இருக்கேன் அத்தை. இவரோட சந்தோசமாத்தான் இருக்கேன்."

டிக், டிக், டிக்.

"ஏ, பல்லி சொல்லிருச்சு!" என்றாள் அத்தை. அந்தப் பக்கம் அவள் எதிலோ தட்டுவது கேட்டது. "உங்க ஊருலயும் பல்லி இருக்காட்டி?"

"பல்லி இல்ல அத்தை. இது ஒரு பொம்மை. கடுதாசி வந்தா கம்ப்யூட்டர்ல கத்தும்."

"என்னமோ ஒண்ணு. சொல்லிருச்சுல்லா?"

இவர் திரும்பவில்லை. பென்குவினின் சிறகுகள் அடங்கிவிட்டன. மின்னஞ்சல் வந்திருக்கும் என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் கையில் இருந்த போனைப் பார்த்தேன். லைன் என் கையில் இருக்கும்போது மின்னஞ்சல் எந்த வழியாக வரும்?

அவரிடம் கேட்கவில்லை. விரலை மடக்கி, தெரிந்தேதான், மேஜையில் மூன்று முறை தட்டினேன்.